இருமினால் அசையக் கூடாது

பட்டியல் போட்டு வேலை செய்கிறவர்கள் தவறு செய்வதில்லை என்று இருபத்து மூன்று வயது வரை உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது தெரியும். அவர்களும் செய்வார்கள். வரிசை எண் போட்டு, அடிக்கோடிட்டு, இரண்டு முறை சரிபார்த்துவிட்டுச் செய்வார்கள்.

அந்த வயதில் நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்து, புனே ஹடப்சரில் அழுத்தமானிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் இருந்தேன். மானியின் முள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. நாள் முழுக்க அப்படிக் கையெழுத்துப் போடுகிறவளுக்கு, உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் சோதித்துச் சான்றளிக்கும் அதிகாரம் தனக்கு இருப்பதாக ஓர் எண்ணம் வந்துவிடும். எனக்கு வந்திருந்தது. (தராசைக் காலியாகத் தூக்கிக் காட்டச் சொல்வேன் என்பதால் காய்கறிக்காரர்கள் எனக்கு ஒரு மராத்திப் பெயர் வைத்திருந்தார்கள். அது இங்கே வேண்டாம்.)

வானவடியில் ராணுவக் குடியிருப்பில், ஸ்டெல்லா அக்காள் வீட்டில் தங்கியிருந்தேன். அத்தான் ஹவில்தார். குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத ஒரு பனிமலைப் பக்கம் அவரை மாற்றியிருந்தார்கள். வீட்டில் அக்காள், நான், அக்காள் மகன் டேனி. டேனிக்கு ஐந்தரை வயது. அப்பாவைக் கடைசியாகப் பார்த்தபோது அவனுக்கு நாலு கூட நிறையவில்லை. பள்ளியில் ‘உன் அப்பாவை வரை’ என்றபோது, ஊதாக் கலரில் ஒரு நீள்சதுரம் வரைந்து வைத்திருந்தான். இது என்ன என்று மிஸ் கேட்டதற்கு, இன்லண்ட் லெட்டர் என்றானாம். அக்காள் அந்தத் தாளை வாங்கி மடித்து பீரோவில் வைத்துக்கொண்டாள்.

டேனி படித்தது மிஸஸ் மிஸ்திரி என்ற பார்ஸி அம்மையார் தன் பங்களாவிலேயே நடத்திய நர்சரிப் பள்ளியில். யு.கே.ஜி. முடிக்கிற பிள்ளைகளுக்கு அங்கே பட்டமளிப்பு விழா உண்டு. குடைத்துணியில் தைத்த கறுப்பு அங்கி, அட்டையில் செய்த சதுரத் தொப்பி, அதில் கம்பளி நூல் குஞ்சம், கையில் சிவப்பு ரிப்பன் கட்டிய சான்றிதழ். பட்டதாரிகளில் பாதிப் பேருக்கு ஷூ கயிறு கட்டத் தெரியாது என்றாலும் விழா மிகுந்த மரியாதையோடு நடக்கும்.

மார்ச் மாதம் அத்தானிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. லீவு கிடைக்கவில்லை, ஜூனுக்குத் தள்ளிவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். ‘டேனி சர்ட்டிபிகேட் வாங்குறப்ப ஒரே ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கையில அது இருக்கணும். அவன் இப்ப எவ்வளவு உயரம்னு கூட எனக்குத் தெரியலை. உங்க அக்காகிட்ட சொன்னா கை நடுங்கும், நீதான் டெக்னிக்கல்.’

‘நீதான் டெக்னிக்கல்’ என்று யாராவது சொன்னால் நான் எதையும் செய்யக்கூடிய ஆள். கட்டாயம் அனுப்புகிறேன் என்று அன்றே பதில் போட்டேன்.

அடுத்த வாரம் பள்ளியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. முந்தைய வருடம் ஒரு தகப்பனார் நாற்காலிமேல் ஏறி ஃபிளாஷ் அடித்ததில் ஒரு குழந்தை மேடையிலேயே உட்கார்ந்து அழ, அதைப் பார்த்து மற்றவர்களும் அழ, விழா பாதியில் நின்றுவிட்டதாம். ஆகவே இந்த ஆண்டு பெற்றோர் யாரும் கேமரா கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் அந்தக் குழந்தைக்குச் சான்றிதழ் மேடையில் தரப்படாது, ஆபீஸ் அறையில் தரப்படும்.

அக்காள் நேர்வழிக்காரி. “ஏட்டி, நேரா போயி மிஸஸ் மிஸ்திரிகிட்ட கேட்டுருவோம். அவிய மலையில கெடக்க நெலமையச் சொன்னா மனசு எரங்காமலா போயிரும்?” என்றாள்.

நான் அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். கேட்டால் மறுக்கலாம். மறுத்த பிறகு எடுத்தால் அது குற்றம். கேட்காமலே எடுத்தால் சுற்றறிக்கையைச் சரியாகப் படிக்காத குறைதான். எனவே கேட்காமல் இருப்பதே நேர்மைக்கு அருகில் உள்ளது. (இதை நான் நிஜமாகவே சொன்னேன். அழுத்தமானியின் முள்ளைப் போல முகத்தை அசைக்காமல் சொன்னேன்.) அக்காள் அரிசி களையப் போய்விட்டாள்.

தேவை, யாருக்கும் தெரியாத ஒரு கேமரா. நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு, உருவம், சத்தம், வெளிச்சம், கிடைக்கும் வாய்ப்பு என்று நாலு தலைப்பு எழுதினேன்.

முதலில் பக்கத்து வீட்டுச் சுபேதாரின் பெட்டிக் கேமரா. சத்தமே கிடையாது. ஆனால் அளவில் பிஸ்கட் டின். எடுக்கும்போது அதை வயிற்றில் அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்து பார்க்க வேண்டும். சபையில் பாவ அறிக்கை செய்கிறவள் போல இருக்கும். அடுத்தது எங்கள் பிரிவிலேயே ஒருவர் வைத்திருந்த பெரிய கேமரா. படம் அற்புதமாக வரும். ஆனால் பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு கண்ணாடி மேலே போய்க் கீழே வந்து, காற்றில் கதவு அறைந்த மாதிரிச் சத்தம். மூன்றாவதாக மஸ்கட்டிலிருந்து வந்திருந்த ஒரு நர்ஸ் அக்காவின் பாக்கெட் கேமரா, உள்ளங்கையில் அடங்கும். நான் ஏறக்குறைய மயங்கிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அறைக்குள் எடுக்க ஃபிளாஷ் வேண்டும், அதற்கான ஃபிலிமைப் புனேயில் எந்தக் கடைக்காரரும் கண்ணால் கண்டதில்லை. கேம்ப் கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் தீப்பெட்டி அளவில் ஒன்றை எடுத்துக் காட்டினார். உளவாளிகள் வைத்துக்கொள்வது என்றார். எப்படித் திறப்பது என்று கேட்டேன். அவரும் அதைத்தான் கண்டுபிடித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

கடைசியில் வென்றது எங்கள் பிரிவுத் தலைவர் குல்கர்ணி சாகேபின் பழைய கேமரா. கையடக்கமான இரும்பு உடம்பு. அழுத்தினால் பல்லி ஒருமுறை ‘ச்’ என்று சொல்வதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். நாலு கட்டத்திலும் டிக் போட்டேன். அவர் அதை ஒரு பூத்துண்டில் சுற்றிக் கொடுத்தார். என்ன விழா என்று கேட்டார், சொன்னேன். கூட்டம் பெரிதா என்று கேட்டார். முப்பது பிள்ளைகள் என்றேன். ‘பிள்ளைகளா’ என்று மட்டும் சொல்லிவிட்டு, கொடுக்கலாமா வேண்டாமா என்பதுபோல் துண்டை ஒரு நிமிஷம் கையிலேயே வைத்திருந்தார்.

பிரச்சினை ஒன்றே ஒன்று இருந்தது. ஃபிளாஷ் இல்லாமல், கடையில் கிடைத்த சாதாரண கறுப்பு வெள்ளை ஃபிலிமில், மண்டபத்து வெளிச்சத்தில் எடுக்க வேண்டுமானால் கேமராவின் கண் கொஞ்சம் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு. அந்த நேரம் கேமராவும் அசையக் கூடாது, டேனியும் அசையக் கூடாது. கேமராவை அசையாமல் வைப்பது எளிது. ஒரு பைக்குள் வைத்துப் பையை நாற்காலியில் உட்கார்த்திவிடலாம். அழுத்துவதற்கு, பொத்தானில் திருகிக்கொள்ளும் ஒரு கம்பி உண்டு. ஒரு முழம் தள்ளியிருந்தே கட்டைவிரலால் அமுக்கலாம். குல்கர்ணி சாகேப் அதையும் கொடுத்திருந்தார்.

எந்தப் பை என்பதில்தான் வீட்டில் சின்னக் கலவரம். பைபிளுக்குப் போடுகிற ஜிப் வைத்த தோலுறை அளவில் கச்சிதமாக இருந்தது. அக்காள் அதை என் கையிலிருந்து பிடுங்கி அலமாரிமேல் வைத்துவிட்டாள். பிறகு அவளுடைய கறுப்பு ரெக்ஸின் கைப்பையைக் கேட்டேன். அத்தான் போன தடவை கேன்டீனில் வாங்கித் தந்தது, ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் வெளியே வருவது. லென்ஸ் அளவுக்கு அதில் ஒரு வட்டம் வெட்டினேன், சுத்தமான வட்டம், விளிம்பில் ஒரு பிசிறு கிடையாது. அக்காளிடம் காட்டினேன்.

“அவிய வந்து கேட்டா என்னத்தைச் சொல்ல?” என்றாள்.

“காற்றோட்டத்துக்குன்னு சொல்லுக்கா.”

அன்று எனக்கு ரசத்தில் உப்பு இல்லை.

இனி டேனி. அவனை எப்போது நிற்க வைப்பது? மேடைக்கு நேராகக் கைகாட்ட முடியாது. யோசித்து ஓர் அருமையான வழி கண்டுபிடித்தேன். நான் இருமுவேன். இருமல் கேட்டால் டேனி நடையை நிறுத்தி, மனசுக்குள் மூன்று எண்ணும்வரை சிலைபோல நிற்க வேண்டும். இருமல் சத்தத்தில் கேமராவின் ‘ச்’ மறைந்துவிடும். ஒரே இருமலில் இரண்டு வேலை. நோட்டில் இதன் பக்கத்தில் நட்சத்திரம் போட்டேன்.

இரண்டு வாரம் வராந்தாவில் பயிற்சி. சுருட்டிய காலண்டர் தாளைச் சான்றிதழாகப் பிடித்துக்கொண்டு டேனி நடப்பான், நான் இருமுவேன், நிற்பான். அப்பாவுக்குப் போட்டோ போகப்போகிறது என்றதும் அவன் காட்டிய ஒழுங்கை ராணுவத்தில் கூடப் பார்க்க முடியாது. மூன்றாம் நாளே பாலைக் குடிக்கும் பாதியில் நின்றான். அடுத்த ஞாயிறு ஆராதனையில் யாரோ ஒரு பெரியவர் இருமியதற்கு, இடைவழியில் ஒரு கால் முன்னே வைத்தபடி நின்றுவிட்டான். காணிக்கைப் பையோடு வந்தவர் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்.

“ஏட்டி, இவன் யாரு இருமுனாலும்லா நிக்கான்” என்றாள் அக்காள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இருந்தாலும் முறைப்படி நோட்டில் எழுதிக்கொண்டேன்: ‘குறை: எல்லா இருமலுக்கும் நிற்கிறான். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.’

விழா நடக்கும் இடத்தையும் முன்கூட்டியே போய்ச் சோதித்தேன். பள்ளியில் கூடம் இல்லாததால் வானவடி பஜாருக்குப் பின்னால் ஒரு சமாஜ் மண்டபத்தை எடுத்திருந்தார்கள். ஹடப்சர் தொழிற்சாலைகளுக்கு மின்சாரப் பங்கீட்டில் வியாழக்கிழமை விடுமுறை. எனக்கு ஓய்வு நாள் அதுதான். விழாவுக்கு முந்தின வியாழன் மண்டபத்துக்குப் போய் முதல் வரிசையிலிருந்து மேடை மேசை வரை அளந்தேன், பதினாலு அடி. ஜன்னல்கள் மேடைக்குப் பின்னால், வெளிச்சம் போதும். சுற்றுப்புறச் சத்தம் என்ற தலைப்புக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதி அடிக்கோடிட்டேன். பின்சுவரை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை பூட்டிக் கிடந்தது. அதையும் பார்த்தேன். ‘கொட்டகை, பூட்டியுள்ளது’ என்று எழுதினேன்.

விழா சனிக்கிழமை காலை. நானும் அக்காளும் முதல் ஆட்களாகப் போய் முன்வரிசை ஓரத்தில் மூன்று நாற்காலி பிடித்தோம். அக்காளுக்கும் எனக்கும் நடுவே கைப்பை உட்கார்ந்தது. வட்டம் மேடையைப் பார்த்திருந்தது. கேமராவில் தூரம் பதினாலு அடி வைத்திருந்தேன். முப்பத்தாறு படத்தில் எது எதற்கு எத்தனை என்று பிரித்தும் வைத்திருந்தேன். உள்ளே நுழைகையில் இரண்டு, நடக்கையில் ஆறு, சான்றிதழ் வாங்கும்போது பத்து, மீதி கைவசம். கம்பி என் துப்பட்டாவுக்கு அடியில் வந்து கட்டைவிரலில் முடிந்தது. அவ்வளவு நிதானமாக நான் என் கல்யாணத்துக்குக் கூட உட்கார மாட்டேன்.

பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். டேனி ஒன்பதாவது. எட்டுப் பேர் ஒவ்வொருவராகப் போய் மிஸஸ் மிஸ்திரியிடம் சான்றிதழ் வாங்கி, வணங்கி, இறங்கினார்கள். ‘டேனியல்’ என்று வகுப்பு டீச்சர் ஷைலா மிஸ் கூப்பிட்டார். டேனி படியேறினான். அங்கி தரையைத் தொட்டது, குஞ்சம் கண்ணில் விழுந்தது, ஆனாலும் நடை தவறவில்லை.

அப்போதுதான் பின்சுவருக்கு அப்பால் ‘டங், டங்’ என்று ஏதோ இடிக்கத் தொடங்கியது.

ஏப்ரலில் புனேக்காரர்கள் வருஷத்து மசாலாவுக்கு மிளகாய் இடிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. அப்போதே ஆறு வருடமாக இந்த ஊரில் இருந்தேன். காண்டப் என்று சொல்லும் அந்த மிளகாய் இடிக்கும் கூடங்களில் பெண்கள் டப்பாவும் துணிப்பையுமாக வரிசையில் நிற்பதைத் தினமும் பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கூடங்களும் மின்சாரத்தில்தான் ஓடும், என் தொழிற்சாலை மூடுகிற வியாழக்கிழமை அவையும் மூடும் என்பது மட்டும் என் பட்டியலில் இல்லை. அந்தப் பூட்டிய கொட்டகை அதுதான்.

இரண்டு நிமிடத்தில் மேடைக்குப் பின்னால் இருந்த ஜன்னல்கள் வழியாக மிளகாய் நெடி இறங்கியது. முதலில் மேடை ஓரத்தில் இருந்த ஹார்மோனியக்காரர் இருமினார்.

டேனி நின்றான். மேசைக்கு மூன்றடி முன்னால், வலது கால் முன்னே, முகம் நேரே.

ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக் காலெடுக்கப் போனான். பின்வரிசையில் ஒரு அம்மாள் இருமினார். நின்றான். அதன்பிறகு மண்டபத்தில் இருமாதவர் யாரும் இல்லை. டேனிக்கும் மூக்கு ஒழுகிக் கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. அவனுக்கே இருமல் வந்தது. இருமிவிட்டு, தன் இருமலுக்கும் சேர்த்து அசையாமல் நின்றான். பத்தாவது பட்டதாரி அவன்மேல் மோதி நின்றாள், பதினொன்றாவது பட்டதாரி அவள்மேல். மிஸஸ் மிஸ்திரி ஒரு கையால் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு, மறு கையில் சான்றிதழை நீட்டியபடி இருந்தார். அந்தக் கைக்கும் டேனிக்கும் நடுவே மூன்றடி.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்கலாம். இரண்டு வாரம் பயிற்சி பெற்றது டேனி மட்டும் அல்ல. இருமல் வந்தால் என் கட்டைவிரல் அமுக்கும், பிறகு என் வலது கை பைக்குள் போய் ஃபிலிமைத் தள்ளும். இருமினேன், அமுக்கினேன், தள்ளினேன். இருமினேன், அமுக்கினேன், தள்ளினேன். மூளைக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

“டேனியல், வா” என்றார் ஷைலா மிஸ்.

டேனி உதடு மட்டும் அசைய, நல்ல தெளிவான ஆங்கிலத்தில், முன்வரிசை முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னான். “மிஸ், எங்க சித்தி இன்னும் இருமிட்டே இருக்காங்க. இருமினா அசையக் கூடாது. அப்பாவோட போட்டோ கெட்டுப் போயிடும்.”

மிஸஸ் மிஸ்திரி சித்தியைத் தேடினார். சித்தி முன்வரிசை ஓரத்தில், கைப்பைக்குள் முழங்கை வரை விட்டபடி, துப்பட்டாவிலிருந்து ஒரு கம்பி தொங்க உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஸ்டெல்லா அக்காள் எழுந்து, ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள்.

நீட்டிய சான்றிதழ் மேசைக்குத் திரும்பிப் போனது. ஷைலா மிஸ் டேனியின் தோளைப் பிடித்து மெதுவாகப் பக்கவாட்டுப் படி வழியாக இறக்கினார். வெறுங்கையோடு எங்களிடம் வந்தான். அவன் அழவில்லை. என்னைப் பார்த்து ரொம்பத் தாழ்ந்த குரலில் கேட்டான்.

“சித்தி, நான் அசைஞ்சிட்டேனா?”

அந்த ஒரு கேள்விக்கு என் நோட்டில் கட்டம் கிடையாது. இல்லைடா, நீ அசையவே இல்லை என்றேன். (அப்போதும் இருமல் வந்தது. அவன் நின்றான்.)

ஜன்னல்களைச் சாத்தி, யாரோ ஓடிப்போய்க் காண்டப்பை நிறுத்தச் சொல்லி, விழா எப்படியோ நடந்து முடிந்தது. மண்டபத்துக் காரியதரிசியின் அறையைத்தான் அன்று ஆபீஸாக வைத்திருந்தார்கள். எங்கள் மூவரையும் அங்கே கூப்பிட்டார்கள். மிஸஸ் மிஸ்திரியின் கண்கள் மிளகாயில் சிவந்திருந்தன. அதனால் அவருடைய கோபத்தைத் துல்லியமாக அளக்க முடியவில்லை.

ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றார். கேட்டிருந்தால் அனுமதித்திருப்பீர்களா என்றேன். (என் நிதானத்தை அப்போதும் நான் விடவில்லை. விட்டிருக்கலாம்.)

“மாட்டேன். ஆனா நீ கேட்டிருக்கணும்.”

நான் மூன்று காரணங்களை வரிசையாகச் சொல்லத் தயாரானேன். ‘முதலாவது’ என்று ஆரம்பித்ததும் அக்காள் என் கையைப் பிடித்து அமர்த்தினாள். அத்தனை வருடத்தில் பள்ளிக் கூட்டங்களில் வாயே திறக்காதவள், இந்தியும் ஆங்கிலமுமாகப் பேசினாள். இவன் அப்பா இவனைப் பார்த்து ஒன்றேமுக்கால் வருடம் ஆகிறது, இவன் எவ்வளவு உயரம் என்று கூட அவருக்குத் தெரியாது, கேட்கலாம் என்று நான் சொன்னேன், இவள் கேட்கவில்லை, தப்பு எங்கள்மேல்தான், பிள்ளைமேல் இல்லை, அவன் சொன்னபடிதான் நின்றான். இவ்வளவுதான். ஒரு வரிசை எண்ணும் இல்லை.

மிஸஸ் மிஸ்திரி மேசையைச் சுற்றி வந்து, டேனியின் தொப்பியை நேராக்கினார், தன் கைக்குட்டையால் அவன் மூக்கைத் துடைத்தார். சான்றிதழை எடுத்து, மேடையில் செய்தது போலவே கையை நீட்டினார். டேனி மூன்றடி நடந்து வந்து வாங்கிக்கொண்டான். அவர் அவன் தோளில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ம், எடு. என் மனசு மாறுறதுக்குள்ள எடு.”

கேமராவைப் பையிலிருந்து முதல்முறையாக வெளியே எடுத்தேன். எண்ணிக்கை காட்டும் சின்ன ஜன்னலில் 36 என்று இருந்தது. ஃபிலிமைத் தள்ளும் பிடியைத் தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை. ஃபிலிம் முடிந்துவிட்டது. கைவசம் வைத்திருந்த பதினெட்டையும் சேர்த்து எல்லாவற்றையும் மிளகாய்க்குக் கொடுத்திருந்தேன்.

எதிரே டேனி, கையில் சான்றிதழ். பக்கத்தில், என் நினைவில் முதல்முறையாகச் சிரிக்கிற மிஸஸ் மிஸ்திரி. என் பின்னால் அக்காளின் மூச்சு. ஃபிலிம் இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நொடி இருந்தது. அதில் பதினைந்தில் ஒரு பங்கை யோசிக்கச் செலவழித்துவிட்டு, கேமராவைக் கண்ணில் வைத்து இருமினேன். டேனி சிலையானான். பொத்தானை அமுக்கினேன். ‘ச்’ கூட வரவில்லை.

“சத்தமே இல்லையே” என்று வியந்தார் மிஸஸ் மிஸ்திரி. “இந்த மாதிரிக் கேமரான்னு முதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் வேண்டாம்னு சொல்லப் போறேன்? எனக்கு ஒரு காப்பி கொடு, ஆபீஸ்ல மாட்டணும்.”

வெளியே வந்து, டேனி முன்னால் ஓடியதும், அக்காளிடம் உண்மையைச் சொன்னேன். அக்காள் நடுரோட்டில் நின்றாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். கைப்பையில் இருந்த வட்டத்துக்குள் விரலை விட்டு ஆட்டிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

“கோட்டிக்காரி, நீ டெக்னிக்கல்னு அவிய நம்பி எழுதுனாவ பாரு” என்றாள்.

ஃபிலிமைக் கழுவிப் பார்த்தபோது முப்பதுக்கும் மேற்பட்ட படங்கள் ஒன்றுபோல இருந்தன. இடது ஓரத்தில் டேனி, வலது ஓரத்தில் சான்றிதழோடு நீண்ட ஒரு கை. சுற்றிலும் எல்லாரும் இருமுவதால் கலங்கிய உருவங்கள். டேனி மட்டும் குஞ்சத்தின் நூல்கூட எண்ணும்படி அவ்வளவு தெளிவு. இருப்பதிலேயே நல்ல ஒன்றைத் தேர்ந்து, நடந்ததை எதுவும் மறைக்காமல் எழுதி, அத்தானுக்கு அனுப்பினேன். அதுதான் அந்த மாதம் நான் செய்த ஒரே நேர்மையான காரியம்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. ‘படம் கிடைச்சுது. எல்லாரும் ஆடிக்கிட்டு இருக்காங்க, இவன் ஒருத்தன்தான் நிக்கான். எனக்காக நிக்கான்னு நீ எழுதினதைப் படிச்சுட்டு, பங்கர்ல எல்லாருக்கும் காட்டினேன். மேசை உயரத்தை வச்சு இவன் உயரத்தைக் கணக்குப் போட்டுட்டோம். ஒண்ணு மட்டும் கேட்கணும். நான் வந்து இருமுனா நிப்பானா?’

ஜூனில் வந்தார். புனே ஸ்டேஷனில், பெட்டியோடு இறங்கிய தாடிக்காரரைப் பார்த்ததும் டேனி அக்காள் சேலைக்குப் பின்னால் போய்விட்டான். கூப்பிட்டால் வரவில்லை, மிட்டாய் காட்டியும் வரவில்லை, மெல்லப் பின்வாங்கிக்கொண்டே போனான். அத்தான் பெட்டியைக் கீழே வைத்தார். ஒருமுறை இருமினார். டேனி நின்றான். சுமை வண்டிக்காரர் ஒருவர் ‘ஓரம் போ’ என்று கத்தியும் அசையவில்லை. அவன் மூன்று எண்ணி முடிப்பதற்குள் அத்தான் போய் அவனைத் தூக்கிவிட்டார்.

அந்த லீவிலேயே கேம்ப்பில் மிஸஸ் மிஸ்திரி எதிரே வந்தார். ஆபீஸில் எடுத்த படம் எப்படி வந்திருக்கிறது என்று நேராக அத்தானிடம் கேட்டார். நானும் அக்காளும் செருப்பைப் பார்த்தோம். ரொம்ப நன்றாக வந்திருக்கிறது மேடம், நீங்கள் சிரிப்பது அப்படியே விழுந்திருக்கிறது, அதை யூனிட்டில் மாட்டி வைத்திருக்கிறேன், ஒரே காப்பிதான் இருக்கிறது என்று அத்தான் சொன்னார். ஹவில்தார் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? மிஸஸ் மிஸ்திரிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

ஆறு வருடம் ஆகிறது. எங்கள் வீட்டில் இல்லாத ஒன்றுக்கு இன்றைக்கும் பெயர் ‘மிஸஸ் மிஸ்திரி போட்டோ’. எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு, குடியிருப்புக்கு வருவதாகச் சொன்ன புதுத் தண்ணீர்க் குழாய், என்னைப் பார்க்க வருவதாகச் சொல்லி வராமல் போன மாப்பிள்ளை வீடு, எல்லாம் மிஸஸ் மிஸ்திரி போட்டோதான். அத்தான் ஒரு படி மேலே போய்விட்டார். அந்தப் படத்தை நிஜமாகவே பார்த்ததாக அவருக்கு இப்போது நினைவு. டேனிக்கு வயது பதினொன்றரை. அதில் தான் எப்படி நிற்கிறேன், ரிப்பன் எந்தப் பக்கம் தொங்குகிறது என்றெல்லாம் விவரமாகச் சொல்கிறான்.

போன மாதம் அக்காள் புது ஆல்பம் ஒன்று வாங்கினாள். கறுப்புத் தாள் வைத்தது. டேனியின் பக்கத்தில் அந்த மூன்றடி இடைவெளிப் படத்தை ஒட்டினாள். அதற்கு எதிர்ப்பக்கத்தில் நாலு மூலைக்கு நாலு வெள்ளை முக்கோணங்களை மட்டும் சதுரமாக ஒட்டி, நடுவில் ஒன்றும் வைக்காமல், கீழே ‘டேனி, சான்றிதழுடன்’ என்று எழுதிவைத்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது, ஐயோ, படம் விழுந்துவிட்டது போலிருக்கிறதே என்று நாற்காலிக்கு அடியில் தேடுகிறார்கள். நாங்களும் சேர்ந்து கொஞ்சம் தேடுகிறோம். என்னைக் கேட்டால், நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். அதில் மட்டும் யாரும் இருமவில்லை.